ஊரடங்கு: சீக்கிரம் போட்டதா பிரச்சினை, கடுமையாகப் போட்டதா?

திருப்பூர்க்காரன்:
2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவில் நாடு முழுக்க அடைப்பு. அப்போது இந்தியாவில் கொரோனா தொற்று 500ஐ ஒட்டித்தான் இருந்தது. எங்கள் தெருவில் தங்கி பனியன் கம்பெனி வேலைக்குப் போன ஒடிசாப் பையன்கள் ஊர் போக வழியில்லாமல் அறையிலேயே கிடந்தார்கள். 2021ல் நேர்மாறு. தமிழ்நாட்டில் தினமும் 10 ஆயிரம் வந்த பிறகுதான் ஏப்ரல் 20ல் இரவு ஊரடங்கு, மே 10ல்தான் முழு ஊரடங்கு. முதலாவது அவசரம், இரண்டாவது தாமதம் என்பது என் எண்ணம். அந்த நாட்களில் வெளியே வேலை பார்த்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

மண்டிக்காரர்:
தம்பி, நான் கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறவன். சீக்கிரமா தாமதமா என்பதைவிட, அறிவிப்புக்கும் அடைப்புக்கும் நடுவில் எவ்வளவு நேரம் கொடுத்தார்கள், அந்த நேரத்தில் சனம் எங்கே போய் நின்றது என்பதைத்தான் பார்ப்பேன்.

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரையில் ஞாயிறு முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு, சேலத்திலும் உங்கள் திருப்பூரிலும் மூன்று நாள் என்று அறிவிப்பு வந்தது. மளிகைக் கடையும் கிடையாது. நடுவே இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். நான்கு நாள் காயை ஒரே காலையில் வாங்க ஊரே திரண்டது. தள்ளுவண்டிக்காரர், சில்லறைக் கடைக்காரர், பையோடு வந்த குடும்பஸ்தர் எல்லாரும் ஒரே சந்தில். தலையில் மூட்டையோடு வருகிற லோடுமேனிடம் ஆறடி தள்ளி நில் என்று யார் சொல்வது?

சந்தையில் தொற்று பரவியதற்கு அந்த ஒரு நாள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். முன்பே உள்ளே வந்திருக்கும். ஆனால் மே 5ல் சந்தையை மூடியபோது நிலைமை கை மீறியிருந்தது. ஊர் திரும்பிய கூலித் தொழிலாளிகளோடு கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போய்விட்டது. வயிற்றுப்பாட்டுக்கு மூட்டை தூக்கியவர்களை ஊர் எல்லையில் குற்றவாளி மாதிரி பார்த்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் மனசு கொதிக்கிறது.

அப்புறம் 2021 மே. முதலில் மளிகை, காய்கறிக் கடைகள் பகல் 12 மணி வரை. 15ஆம் தேதியிலிருந்து காலை 10 மணி வரை. நேரத்தைக் குறைத்தால் கடுமை கூடியதாகக் காகிதத்தில் தெரியும். வாங்க வருகிற ஆள் குறையவே மாட்டார், நெருக்கம்தான் கூடும். மே 24ல் கடைகளையும் அடைத்த தளர்வில்லாத ஊரடங்கு வந்த பிறகு தோட்டக்கலைத் துறை மூலம் காய்கறி வண்டிகள் தெருவுக்கே வந்தன பாருங்கள், அதுதான் சரியான வேலை. அதை முதலில் ஓடவிட்டுப் பிறகு கடையை அடைத்திருக்க வேண்டும்.

வார்டு செவிலி:
அண்ணா, கூட்டம் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் கடுமை வேண்டாம் என்று யாராவது இதைப் படித்துப் புரிந்துகொண்டால் எனக்குத் தாங்காது. 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கை காலியாகும்வரை நோயாளிகள் ஆம்புலன்சிலேயே காத்திருந்தார்கள். மே 21 அன்று மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குப் புதிதாகத் தொற்று. தளர்வில்லாத ஊரடங்கு வந்தது, ஜூன் முடிவதற்குள் 5 ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது.

மண்டிக்காரர்:
தங்கச்சி, கடுமை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தேதியை மட்டும் பாருங்கள். உச்சம் 21ஆம் தேதி, தளர்வில்லாத ஊரடங்கு 24ஆம் தேதி. தொற்றி, காய்ச்சல் வந்து, சோதனை முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அப்படியானால் ஏற்றத்தை நிறுத்தியதில் 10ஆம் தேதி ஊரடங்குக்குப் பங்கு உண்டு இல்லையா? 24ஆம் தேதிக்கு முன்னால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரவு 9 மணி வரை கடை, வெளியூர் பஸ் எல்லாம் விட்டார்கள். 2020 சனிக்கிழமையில் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம் அது.

வார்டு செவிலி:
பங்கு உண்டுதான். இறங்கிய வேகத்துக்கு 24ஆம் தேதியும் காரணம் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். திருப்பூர்க்காரர் கேட்டதற்கு என் பதில்: தாமதம்தான் பெரிய இழப்பு. ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்காக ஏப்ரல் 4 வரை பிரசாரக் கூட்டங்கள் நடந்தன. மே 10 போட்ட ஊரடங்கை, நீங்கள் சொல்லும் காய்கறி வண்டிகளோடு, ஏப்ரல் நடுவிலேயே போட்டிருக்கலாம். எங்கள் வார்டு அப்போது இன்னும் நிரம்பியிருக்கவில்லை.