கோவில்பட்டி வீடு (குழு): குட்டிக்கு ஆஃபர்

ஞாயிறு, 15 ஜூன் 2025

காலை 6:41

அத்தை மதுரை: 🎉🎉 நம் குட்டிக்கு அமெரிக்காவில் காலேஜ் சீட்டு கிடைத்துவிட்டது! அமெரிக்க ஃபுட்பால் கோட்டாவில்! ஃபீஸ் முழுவதும் இலவசம். தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மகள் இன்ஸ்டாகிராமில் பார்த்துச் சொல்கிறாள்.

அத்தை மதுரை: (படம்)

தாத்தா: ரொம்ப சந்தோசம் பேரன் வயிற்று ரசீது ஆடுகிறான் என்று வாக்கிங் வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்

அத்தை மதுரை: அப்பா, வயிற்று ரசீதா??

நான்: அத்தை, தாத்தா போனில் பேசி எழுதுகிறார். ‘வைட் ரிசீவர்’ என்று சொல்லியிருப்பார், போன் இப்படி எழுதிவிட்டது 😂 பந்தைக் கையால் வீசிப் பிடித்து ஓடுகிற அந்த ஊர் ஃபுட்பாலில் குட்டி ஆடுகிற இடம் அது.

அப்பா: தம்பி எங்கே? அங்கே இப்போது ராத்திரி எட்டு மணிதானே?

காலை 6:58

சித்தப்பா டாலஸ்: சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் அண்ணா. அக்கா, ஸ்டேட்டஸ் ஏதும் போட்டுவிட்டாயா?

அத்தை மதுரை: நேற்று ராத்திரியே போட்டாச்சு. ஏன்?

சித்தப்பா டாலஸ்: அது சீட்டு இல்லை அக்கா. ஆஃபர்.

அத்தை மதுரை: ரெண்டும் ஒன்றுதானே?

சித்தப்பா டாலஸ்: நம்மூர் கவுன்சலிங் மாதிரி நினைக்காதே. அங்கே அலாட்மென்ட் ஆர்டர் கையில் வந்தால் சீட்டு உனக்கு. இங்கே ஆஃபர் என்றால் ஒரு கோச் போன் பண்ணி “உன்னை எங்களுக்குப் பிடித்திருக்கிறது” என்று சொன்னார், அவ்வளவுதான். பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பூ வைக்கவில்லை.

அப்பா: பூ எப்போது வைப்பார்கள்?

சித்தப்பா டாலஸ்: பையன் “இந்தக் காலேஜுக்குத்தான் வருகிறேன்” என்று அறிவிப்பதை கமிட் என்கிறார்கள். அதுவும் வாய்ச்சொல்தான், ரெண்டு பக்கமும் மாற்றலாம். கையெழுத்து டிசம்பர் 3. அதுவரை யாருக்கும் யாரும் கட்டுப்பட்டவர் இல்லை.

அத்தை மதுரை: ஒரு பெண்ணை எத்தனை பேர் பார்ப்பார்கள், ஒரு மாப்பிள்ளை எத்தனை பெண் பார்ப்பான்?

சித்தப்பா டாலஸ்: நல்ல கேள்வி அக்கா 😄 ஒரு காலேஜுக்கு வருஷத்துக்கு நாலைந்து ரிசீவர்தான் தேவை. ஆஃபர் கொடுப்பது முப்பது நாற்பது பேருக்குக்கூட இருக்கும்.

தாத்தா: இது புதுசு இல்லை ஐயா எனக்கு இருபத்தொரு வயதில் ஒரு ஆபீஸில் ஹாக்கி டிரயல் கூப்பிட்டார்கள் நாலு பேரிடமும் தனித்தனியாக உனக்குத்தான் வேலை என்று தோளில் தட்டினார்கள் கடைசியில் டிரயலுக்கே வராத ஒருத்தன் சேர்ந்தான்

அப்பா: அப்பா இந்தக் கதையைச் சொல்வது இது நூறாவது தடவை.

தாத்தா: நூறு தடவை சொன்னாலும் நடந்தது நடந்ததுதான்

காலை 7:20

நான்: சித்தப்பா, படத்தில் இருக்கிற கறுப்பு, தங்கச் சட்டை எந்தக் காலேஜ்?

சித்தப்பா டாலஸ்: ஆர்மி. வெஸ்ட் பாயிண்ட். நியூயார்க் மாகாணத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில்.

தாத்தா: ராணுவ அகாடமியா

சித்தப்பா டாலஸ்: ஆமாம் அப்பா. 1802-ல் தொடங்கியது. அங்கே யாருக்குமே ஃபீஸ் கிடையாது, மாதம் சம்பளமும் உண்டு. சேர எம்.பி. மாதிரி ஒருவருடைய பரிந்துரை வேண்டும். முடித்த பிறகு குறைந்தது ஐந்து வருஷம் அதிகாரியாகப் பணி செய்ய வேண்டும்.

தாத்தா: 🫡🫡🫡

தாத்தா: ஆச்சி பேசுகிறேன். பட்டாளத்துக்கெல்லாம் வேண்டாம். ஒரே பேரன். பந்து விளையாடத்தானே போகிறான், துப்பாக்கி எதற்கு?

சித்தி டாலஸ்: அத்தை, நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் 🙏

குட்டி: தாத்தா ஆச்சி ஹாய். எனக்கு ஆர்மி பிடிக்கும். ஆனால் அவர்கள் பந்தை வீசுவதே இல்லை 😭

தாத்தா: பந்தை வீசாமல் என்ன விளையாட்டு

சித்தப்பா டாலஸ்: அவன் சொல்வது சரி அப்பா. ஆர்மி அணி ஆப்ஷன் என்ற முறையில் ஆடுகிறது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஒரு ஆட்டத்தில் பத்து தடவை வீசினால் அதிகம். போன வருஷம் அப்படி ஆடித்தான் 12 ஆட்டம் ஜெயித்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் ரிசீவருக்கு அங்கே என்ன வேலை? எதிராளியை மறித்து முட்டுவதுதான்.

நான்: ரிசீவர் என்றால் சரியாக என்ன செய்வார்? தாத்தாவுக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

சித்தப்பா டாலஸ்: மைதானத்தின் ஓரத்தில் நிற்பான். பந்து அசைந்ததும் தடுப்பவனை ஏமாற்றிவிட்டு ஓடுவான். பின்னால் இருந்து குவார்ட்டர்பேக் வீசும் பந்து இவன் போய்ச் சேரும் இடத்துக்கு வரும்.

தாத்தா: அப்படிச் சொல்லு இது நம்ம ஹாக்கி ரைட் அவுட்

தாத்தா: நான் ஆடிய இடம்

சித்தப்பா டாலஸ்: 🙂 அதேதான் அப்பா. ஓட்டம் உங்களிடமிருந்து வந்ததுதான்.

காலை 8:05

அப்பா: குட்டி எவ்வளவு வேகம்?

சித்தப்பா டாலஸ்: அதுதான் பெரிய பஞ்சாயத்து. இங்கே 40 கஜம் ஓடவிட்டு நேரம் பார்ப்பார்கள், நம் கணக்கில் 36 மீட்டர் சொச்சம். ஏப்ரலில் ஒரு கேம்பில் மூன்று பேர் ஸ்டாப்வாட்ச் பிடித்தார்கள். ஒருவர் 4.38 என்றார், ஒருவர் 4.41, இன்னொருவர் 4.44. இவன் 4.38-ஐ எடுத்து எல்லா இடத்திலும் போட்டுவிட்டான்.

குட்டி: எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள் அப்பா

சித்தப்பா டாலஸ்: மே மாதம் வேறு ஒரு இடத்தில் லேசர் வைத்துப் பார்த்தார்கள். 4.53.

அப்பா: ஒரே மாதத்தில் வேகம் குறைந்துவிட்டதா?

தாத்தா: வேகம் குறையவில்லை கடிகாரம் பிடித்தவன் பையன் கிளம்புவதைப் பார்த்த பிறகுதான் பட்டனை அமுக்குவான் அந்தச் சின்ன நேரம் கணக்கில் வராது முடிவுக்கோட்டில் முன்கூட்டியே அமுக்கிவிடுவான்

சித்தப்பா டாலஸ்: கையில் பிடிக்கிற ஸ்டாப்வாட்சில் 0.1, 0.2 விநாடி குறைவாகத்தான் வரும். கோச்சுகளுக்கும் அது தெரியும். அதனால் இப்போது 40-ஐ விட 100 மீட்டர் ஓட்டத்தைத்தான் நம்புகிறார்கள். தடகளப் போட்டியில் மின்னணுக் கடிகாரம், காற்றின் வேகமும் பதிவாகும், யாரும் ஏமாற்ற முடியாது. இவனுக்கு 10.74. ஆர்மி கோச் முதலில் கேட்டதே அதைத்தான்.

நான்: அது நல்ல நேரமா?

சித்தப்பா டாலஸ்: நல்ல நேரம். ஆனால் இது டெக்சாஸ். 10.5-க்குக் கீழே ஓடுகிற பையன்கள் இங்கே நிறைய. எங்கள் பக்கத்து ஊர் ஆலனில் பள்ளிக்கூட மைதானத்திலேயே 18,000 பேர் உட்காரலாம், ஆறு கோடி டாலர் செலவில் கட்டினார்கள்.

அப்பா: பள்ளிக்கூடத்துக்கா???

சித்தப்பா டாலஸ்: பள்ளிக்கூடத்துக்குத்தான்.

தாத்தா: 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நாம் ஹாக்கியில் பாகிஸ்தானை 1-0 ஜெயித்தோமே அதே ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஜெயித்தது பாப் ஹேய்ஸ் என்று ஒருத்தர் 10.0 விநாடி

சித்தப்பா டாலஸ்: அப்பா, அவர் அடுத்த வருஷமே டாலஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் அணியில் ரிசீவராகச் சேர்ந்துவிட்டார்! அவரை ஓடித் துரத்த ஆள் இல்லாமல், ஆளுக்கு ஆள் காவல் போடுவதை விட்டு இடத்துக்கு இடம் காவல் போட ஆரம்பித்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். ஒலிம்பிக் தங்கமும், தொழில்முறை ஃபுட்பால் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தால் கிடைக்கும் மோதிரமும் ரெண்டும் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

தாத்தா: அட அவர் பிறகு என்ன ஆனார் என்று தெரியாமலே அறுபது வருஷம் ஓடிப்போச்சு

குட்டி: தாத்தாவுக்கு பாப் ஹேய்ஸ் தெரியுமா?? 🤯

மதியம் 12:30

அத்தை மதுரை: சமையல் முடித்து இப்போதுதான் எல்லாம் படித்தேன். அப்படியானால் குட்டிக்கு வேறு ஒன்றும் வரவில்லையா?

(டாலஸில் எல்லோரும் தூங்குகிறார்கள். எனக்குத் தெரிந்ததை நானே எழுதினேன்.)

நான்: அத்தை, பிப்ரவரியில் இன்னொரு காலேஜ் ஆஃபர் கொடுத்தது. அது போய்விட்டது. சித்தப்பா என்னிடம் மட்டும்தான் சொன்னார். அவர் எழுந்ததும் கேளுங்கள்.

அத்தை மதுரை: போய்விட்டது என்றால்?

நான்: சித்தப்பா வரட்டும்.

மாலை 5:10

சித்தி டாலஸ்: நானே சொல்கிறேன் மைனி. இங்கே காலை ஆறரை. கேம்புக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம்.

சித்தி டாலஸ்: ஒரு காலேஜ், பெயர் வேண்டாம். பிப்ரவரியில் கோச் வீட்டுக்கு வீடியோ கால் போட்டார். என்னிடம் தோசை எப்படிச் சுடுவது என்றுகூடக் கேட்டார். நானும் வெகுளியாகப் பத்து நிமிஷம் மாவு புளிக்க வைப்பதைப் பற்றிப் பேசினேன். ஏப்ரலில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்தது, காலேஜ் மாற நினைக்கிற ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கிற பட்டியல் அது. வேறு காலேஜில் ரெண்டு வருஷம் ஆடி முடித்த ஒருவனை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு குட்டியின் மெசேஜுக்கு பதில் இல்லை. மே கடைசியில் ஒரே வரி: “இந்த வருஷம் ரிசீவர் இடம் நிறைந்துவிட்டது.”

அத்தை மதுரை: தோசையைக் கேட்டுவிட்டு இப்படியா செய்வான் 😡

அப்பா: ஏற்கெனவே வேறு காலேஜில் படிப்பவனை எப்படி எடுக்கலாம்?

சித்தப்பா டாலஸ்: இப்போது அதுதான் வழக்கம் அண்ணா. முன்பெல்லாம் காலேஜ் மாறினால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும். 2021-ல் ஒரு தடவை தடையில்லாமல் மாறலாம் என்றார்கள், போன வருஷம் அந்த ஒரு தடவை கணக்கையும் எடுத்துவிட்டார்கள். கோச்சுக்கு என்ன தோன்றும்? 17 வயதுப் பையனை எடுத்து ரெண்டு வருஷம் சோறு போட்டு வளர்ப்பதா, 20 வயதில் தசையோடு தயாராக இருப்பவனை எடுப்பதா? வேகமான சின்னப் பையன்களுக்குத்தான் அடி. சுற்றிலும் எல்லோரும் 4.5 ஓடுகிறார்கள், இவன் எடை 72 கிலோ.

சித்தப்பா டாலஸ்: போதாக்குறைக்கு ஜூன் 6-ம் தேதி கோர்ட் தீர்ப்பு. காலேஜே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். கூடவே ஃபுட்பால் அணியில் 105 பேருக்கு மேல் கூடாது. பல காலேஜ்களில் 120-க்கு மேல் வைத்திருந்தார்கள். ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்து, பிறகு ஆடி மேலே வருகிற வழி அதில் குறுகிப்போகும்.

அப்பா: பணமா? எவ்வளவு?

சித்தப்பா டாலஸ்: ஒரு காலேஜுக்கு வருஷத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. உடனே 105-ஆல் வகுக்காதே அண்ணா! எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து அந்தத் தொகை. பெரிய பங்கு ஃபுட்பாலுக்கு, அதிலும் குவார்ட்டர்பேக்குக்கு. நம் பையனுக்குச் சட்டை துவைக்கக் காசு வந்தால் சந்தோஷம்.

அப்பா: நான் வகுத்துவிட்டேன் 🙈

நான்: நூறில் எத்தனை பேர் காலேஜ் வரை போகிறார்கள்?

சித்தப்பா டாலஸ்: நாடு முழுக்கப் பள்ளியில் ஆடுபவர்கள் பத்து லட்சம் பேர். காலேஜில் ஆடுவது நூற்றுக்கு ஏழு பேர். டிவிஷன் 1 என்ற மேல்தட்டில் மூன்று பேர்கூட இல்லை.

தாத்தா: ஆச்சி பேசுகிறேன். தலையில் அடிபடும் என்று டிவியில் சொன்னார்கள். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

சித்தி டாலஸ்: அத்தை, வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டத்தில் அவன் கீழே விழுந்தால் நான் மனதுக்குள் எண்ண ஆரம்பிப்பேன். எப்போதும் நாலு, ஐந்துக்குள் எழுந்துவிடுவான். போன அக்டோபரில் பதினொன்று வரை எண்ணினேன். மூச்சுதான் அடைத்திருந்தது, தலையில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பதினொன்றை மறக்க முடியவில்லை.

தாத்தா: ஆச்சி பேசுகிறேன். சரி. சாப்பாடு ஒழுங்காகப் போடு.

சித்தப்பா டாலஸ்: படிப்பு அவன் கையில் இருக்கிறது அம்மா. டிவிஷன் 1-ல் ஆட 16 முக்கியப் பாடங்களும் நாலுக்கு 2.3 சராசரி மதிப்பெண்ணும் போதும், இவனுக்கு 3.8. அதை வைத்துக்கொண்டு ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கிற ஐவி லீக் பக்கமும் எழுதிப் போட்டிருக்கிறோம். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. ஆனால் கோச் பெயர் கொடுத்தால் அட்மிஷன் ஆபீஸ் கொஞ்சம் கவனித்துப் பார்க்கும். இன்றைய கேம்புக்கு அப்படி ஒரு கோச் வருகிறார்.

அத்தை மதுரை: இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! ஐவி லீக் என்று ஸ்டேட்டஸ் மாற்றட்டுமா?

சித்தப்பா டாலஸ்: அக்கா!!!

மாலை 5:48

குட்டி: (வீடியோ, 0:09) நேற்று பிராக்டிஸ் தாத்தா

தாத்தா: பார்த்தேன் ஓட்டம் நன்றாக இருக்கிறது ஆனால் திரும்புவதற்கு ரெண்டு அடி முன்னால் சின்னச் சின்ன அடியாக வைக்கிறாய் தடுப்பவனுக்கு நீ திரும்பப் போவது தெரிந்துவிடும் கடைசி அடி வரை நேராகப் போகிற மாதிரியே ஓடு இடுப்பை மட்டும் இறக்கு

குட்டி: என் கோச்சும் அதையேதான் சொன்னார்!!! அதே வார்த்தை!!

தாத்தா: அவர் எந்த ஊர்

சித்தி டாலஸ்: 😂😂 கார் எடுத்துவிட்டோம். மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும். ஐஸ் பெட்டி, ஆறு வாழைப்பழம், தயிர்சாதம், ரெண்டு ஜோடி கையுறை. இப்போதே வெயில் அடிக்கிறது.

தாத்தா: ஆச்சி பேசுகிறேன். எடை கூட வேண்டும் என்றீர்களே. அடுத்த வாரம் யாரோ டாலஸ் வருகிறார்களாம், கடலை மிட்டாய் நாலு கிலோ கொடுத்துவிடுகிறேன்.

குட்டி: ஆச்சி ❤️ ஐந்து கிலோ

இரவு 9:15

அப்பா: தங்கச்சி, ஸ்டேட்டஸை எடுத்துவிட்டாயா?

அத்தை மதுரை: எடுத்துவிட்டேன் அண்ணா. அதற்குள் 84 பேர் பார்த்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டில் கேக் வாங்கிக்கொண்டு வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சமையலறையிலிருந்து எழுதுகிறேன்.