நியூ ஜெர்சியில் பள்ளி மாவட்டத்தின் செலவு ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது எப்படி?

கேள்வி – மத்திய ஜெர்சி பெற்றோர்

வணக்கம். மத்திய நியூ ஜெர்சியில் குடியிருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் இங்குள்ள பொதுப் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டிலிருந்து தொடக்கப் பள்ளி இரண்டு மைலுக்குள் இருப்பதால், மாநிலச் சட்டப்படி எங்களுக்குப் பேருந்து விட வேண்டிய கட்டாயம் பள்ளி மாவட்டத்துக்கு (இங்குள்ள பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்கு) இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை ஆண்டுகளாகச் சலுகையாக விட்டுக்கொண்டிருந்தார்கள். வரும் செப்டம்பர் முதல் அதை நிறுத்தப் போவதாகவும், தேவைப்படுவோர் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பேருந்தைப் பயன்படுத்தலாம் என்றும் கடிதம் வந்திருக்கிறது. காரணமாக அதில் இருப்பது, ஒப்பந்தச் செலவு உயர்ந்துவிட்டது என்ற ஒற்றை வரிதான்.

பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டும். அதன் ஒரு பக்கத்தில் நடைபாதை கிடையாது. கல்வி வாரியக் கூட்டத்தில், பொதுமக்கள் பேசுவதற்கு ஒதுக்கிய நேரத்தில் எழுந்து, எந்த ஒப்பந்தம், எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டேன். பரிசீலித்துப் பதில் சொல்வதாகத் தலைவர் சொன்னார், பதில் வரவில்லை. நாங்கள் கட்டும் சொத்து வரியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குத்தான் போகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தப் பள்ளிகளுக்காகத்தான் இந்த ஊரையே தேர்ந்தெடுத்தோம். ஆனால் என் பிள்ளையை நடக்கவிடும் ஒரு முடிவின் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஓப்ரா எனப்படும் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நாங்கள் இன்னும் எச்1பி விசாவில் இருக்கிறோம். குடியுரிமை இல்லாதவர்கள் கேட்கலாமா? என்ன கேட்க வேண்டும்? செலவு எவ்வளவு ஆகும்? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 – பட்ஜெட் வாசகர்

வணக்கம் சகோதரி. முதலில் உங்கள் தயக்கத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் வாசகத்தில் இம்மாநிலக் குடிமக்கள் என்ற சொற்கள் இருப்பது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு வெளிமாநிலத்தவரின் விண்ணப்பங்களைச் சில அலுவலகங்கள் மறுத்தபோது வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. கேட்கும் உரிமை மாநிலக் குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. இந்தச் சட்டம் தொடர்பான முறையீடுகளை விசாரிக்கும் மாநில ஆவண மன்றத்தின் மாதிரிப் படிவத்தில் உங்கள் விசா நிலை பற்றிய கேள்வியே இல்லை. கடுங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா, வணிக நோக்கத்துக்காகக் கேட்கிறீர்களா, நடந்துகொண்டிருக்கும் வழக்குக்காகக் கேட்கிறீர்களா என்பவைதான் கேட்கப்படும். அவற்றை உள்ளபடி நிரப்புங்கள். நீங்கள் தரும் விண்ணப்பமும் ஓர் அரசு ஆவணமாகவே அங்கே இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, அதில் பிள்ளைகளின் பெயரையோ வகுப்பையோ எழுதாமல் இருங்கள்.

ஓப்ரா 2002-இல் நடைமுறைக்கு வந்த சட்டம். விண்ணப்பம் கிடைத்த ஏழு அலுவல் நாட்களுக்குள் ஆவணத்தைத் தர வேண்டும், அல்லது காரணம் காட்டி மறுக்க வேண்டும், அல்லது கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். பலர் கவனிக்காத ஒரு பிரிவு அதில் இருக்கிறது: பட்ஜெட், பில்கள், வவுச்சர்கள், ஒப்பந்தங்கள், ஊழியர்களின் ஊதியமும் கூடுதல் நேர ஊதியமும் ஆகியவற்றை, பொதுவாக, கேட்டவுடனேயே பார்க்கத் தர வேண்டும். உங்களுக்குத் தேவையானவை பெரும்பாலும் இந்த வகையில்தான் அடங்கும். மின்னஞ்சலில் பெற்றால் கட்டணம் இல்லை. சாதாரண அளவுத் தாளில் நகல் கேட்டால் பக்கத்துக்கு ஐந்து சென்ட். தேடித் தொகுக்க அளவுக்கு மீறிய உழைப்பு தேவை என்று கருதினால் தனிக் கட்டணம் விதிக்கலாம். அதை முன்கூட்டியே உங்களிடம் சொல்ல வேண்டும், நீங்கள் ஆட்சேபிக்கவும் இடமுண்டு.

ஆனால் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, ஏற்கெனவே வெளியில் இருப்பவற்றைப் படித்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். பொதுமக்களுக்கான எளிய வடிவ பட்ஜெட்டை ஒவ்வொரு மாவட்டமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். தணிக்கை செய்யப்பட்ட ஆண்டு நிதி அறிக்கை மாநிலக் கல்வித்துறையின் தளத்தில் கிடைக்கும். மாதாந்தர வாரியக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலோடு, அந்த மாதம் பணம் கொடுக்கப்பட்டவர்களின் பட்டியலையும் பல மாவட்டங்கள் இணைக்கின்றன. 2024-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இணையதளத்தில் இருக்கும் ஆவணத்தைக் கேட்டால், அங்கே போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். உங்கள் விண்ணப்பம் அதோடு முடிந்துபோகும்.

பதில் 2 – முன்னாள் கணக்கு அலுவலர்

ஒரு பள்ளி மாவட்டத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

உங்கள் விண்ணப்பம் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் மாவட்டத்தின் வணிக நிர்வாகி அலுவலகம்தான்; வாரியச் செயலாளரும் ஆவணப் பொறுப்பாளரும் பொதுவாக அவரே. ஓப்ரா என்பது ஆவணத்தைக் கேட்கும் வழி. விளக்கத்தைக் கேட்கும் வழி அன்று. 'ஏன் பேருந்துச் செலவு உயர்ந்தது?' என்று எழுதினால், அது கேள்வி, ஆவணம் அன்று என்று சட்டப்படியே மறுப்பார்கள். 'பேருந்து தொடர்பான எல்லாம்' என்று எழுதினாலும் மறுப்பார்கள். எந்த ஆவணம் என்று அடையாளம் காட்டாமல் பொதுவாகத் துழாவுவதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. ஆகவே நீங்கள் கேட்பது பெயர் சொல்லிச் சுட்டக்கூடிய ஆவணமாக இருக்க வேண்டும்.

அதற்கு மாநிலம் முழுவதற்கும் பொதுவான கணக்குக் குறியீடு கைகொடுக்கும். எந்த மாவட்டத்திலும் பொது நிதியிலிருந்து செய்யும் மாணவர் போக்குவரத்துச் செலவு 11-000-270 என்று தொடங்கும். அதன் பின்னால் வரும் மூன்று இலக்கங்கள்தான் முக்கியம். 511 என்றால் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஓடும் பேருந்துக்குத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தது; 512 என்றால் சுற்றுலா, விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்கான பயணம்; 514, 518 ஆகியவை சிறப்புக் கல்வி மாணவர்களின் பயணம். ஒப்பந்தச் செலவு உயர்ந்தது என்ற கடித வரி 511-ஐக் குறிக்கிறதா, மற்றவற்றையும் சேர்த்துச் சொல்கிறதா என்பது இந்தப் பிரிவைப் பார்த்தால் தெரிந்துவிடும். வாரியச் செயலாளர் மாதந்தோறும் வாரியத்தின் முன் வைக்கும் ஏ-148 என்ற அறிக்கையில், ஒவ்வொரு கணக்கிலும் ஒதுக்கியது, செலவழித்தது, இனிச் செலவழிக்க உறுதி கொடுத்தது, மிச்சம் என்று நான்கும் இருக்கும். நிதி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை என்பதால், ஜூன் மாத அறிக்கை ஒன்றைப் பார்த்தாலே அந்த ஆண்டு முழுவதும் பிடிபடும்.

இன்னொன்று. பேருந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வுக்கு மேல் தொகையை ஏற்ற முடியாது என்பது பொது விதி. புதிதாக ஏலம் விட்டால் அந்த வரம்பு பொருந்தாது. அதனால் உங்கள் மாவட்டம் பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பித்ததா, மறு ஏலம் விட்டதா, எத்தனை நிறுவனங்கள் ஏலத்தில் கலந்துகொண்டன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தொகை உயர்ந்ததைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒரே ஒரு நிறுவனம் மட்டும் ஏலம் கேட்டிருந்தால், வாரியத்தின் மேல் கோபப்படுவதில் பொருள் இல்லை. ஏலம் எந்த மாதத்தில், எப்படி விளம்பரப்படுத்தப்பட்டது என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

அபாயகரமான வழியில் நடந்து வரும் பிள்ளைகளைப் பற்றிய கொள்கையையும் கேட்டு வாங்குங்கள். சலுகைப் பேருந்து விடும் மாவட்டம் அப்படி ஒரு கொள்கையை வகுத்திருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. நடைபாதை இல்லாத சாலையைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு அதுதான் நேரான ஆதாரம். செலவுக் கணக்கு வெளிவர நாளாகலாம்; இந்தக் கொள்கை ஓரிரு பக்கம்தான் இருக்கும்.

பதில் 3 – ஒரு சிறப்புக் கல்வி மாணவனின் தாய்

முன்னால் எழுதியவர்கள் சொன்ன வழி சரியானதே. ஆனால் 514, 518 என்ற எண்களைப் பார்த்தபோது, ஒன்றைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்த எண்களுக்குள் என் மகன் இருக்கிறான். அவனுக்கு ஏற்ற வகுப்பு எங்கள் மாவட்டத்தில் இல்லாததால், வேறு ஊரிலுள்ள பள்ளிக்குச் சிறிய வேன் ஒன்றில், உதவியாளர் ஒருவர் துணையுடன் போய் வருகிறான். அவனுடைய கல்வித் திட்டத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தருவது மாவட்டத்தின் சட்டபூர்வக் கடமை. பல மாவட்டங்களில் போக்குவரத்துச் செலவில் பெரும் பங்கு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஆவதுதான்.

இந்தத் தொகை வெளியில் வந்தவுடன், கூட்டத்தில் யாராவது எழுந்து, இந்தச் சில பிள்ளைகளுக்கு இவ்வளவு பணமா என்று கேட்பார்கள். நான் அந்த அரங்கில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன். சகோதரி, நீங்கள் அப்படிக் கேட்க மாட்டீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்தே தெரிகிறது. உங்கள் தாளைப் பிடித்துக்கொண்டு வேறு ஒருவர் கேட்டுவிடக்கூடும் என்பதற்காகவே எழுதுகிறேன். மொத்தத் தொகையைக் கேட்பதில் தவறில்லை. தடம் வாரியாக, நிறுத்தம் வாரியாகக் கேட்காதீர்கள். ஒரு வேனில் ஒரே ஒரு பிள்ளை போகும்போது, பெயரை அழித்துத் தந்தாலும் அது யார் பிள்ளை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். மாணவர் விவரங்களைக் காக்கும் 1974-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி மாவட்டம் அதை மறுக்கத்தான் வேண்டும்; அந்த மறுப்பில் உங்களுக்கும் நாட்கள் வீணாகும்.

மத்திய ஜெர்சி பெற்றோர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். உங்கள் மகனின் வேனுக்கும் என் பிள்ளைகளின் பேருந்துக்கும் இடையே ஒரு போட்டியை உண்டாக்க நான் விரும்பவில்லை, அதற்கு இடம் தரவும் மாட்டேன்.

சொன்னபடி மாவட்டத்தின் தளத்தில் தேடினேன். எளிய வடிவ பட்ஜெட்டில் போக்குவரத்துக்கு ஒரே ஒரு மொத்த வரிதான் இருக்கிறது. தணிக்கை அறிக்கையில் 511 தனியாகவே இருக்கிறது. ஆனால் அது கடந்த நிதி ஆண்டோடு முடிந்துவிடுகிறது. எனவே கீழ்க்கண்டவாறு எழுதலாமா?

"போக்குவரத்துச் செலவு உயர்ந்ததற்கான காரணங்களை விளக்கும் அனைத்து ஆவணங்களும், கடந்த மூன்று ஆண்டுகளின் பேருந்து ஒப்பந்தங்களும், சலுகைப் பேருந்து பற்றி நிர்வாகிகள் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல்களும், மேற்கண்ட முடிவு நியாயமானதா என்பதற்கான பதிலும் தேவை."

மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 4 – பட்ஜெட் வாசகர்

கடைசிப் பகுதியை எடுத்துவிடுங்கள். நியாயமா என்ற கேள்விக்கு ஆவணம் கிடையாது, அதைக் கேட்கும் இடம் வாரியக் கூட்டம்தான். முதல் பகுதியும் நிற்காது. காரணங்களை விளக்கும் ஆவணம் எது என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தால், அதையே மறுப்புக்குக் காரணமாகச் சொல்லலாம்.

மின்னஞ்சல்களை இந்த விண்ணப்பத்தில் சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய கணக்கு, என்ன பொருள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று மூன்றையும் குறிப்பிடாவிட்டால் அந்தக் கோரிக்கை செல்லாது. குறிப்பிட்டாலும், தேடவும், வழக்கறிஞர் பார்த்து மறைக்க வேண்டியதை மறைக்கவும் அவகாசம் கேட்பார்கள். உடனே கிடைக்கக்கூடிய ஒப்பந்தங்களும் அதோடு சேர்ந்து தாமதமாகும்.

மறுத்தால் இரண்டு வழிகள் உண்டு. மாநில ஆவண மன்றத்தில் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் அங்கே முடிவு வரப் பல மாதங்கள் ஆகும். அல்லது 45 நாட்களுக்குள் மேல்நிலை நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். வழக்கில் வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தை மாவட்டமே தர வேண்டும் என்று முன்பு இருந்தது. 2024 திருத்தம் அதைத் தளர்த்திவிட்டது. முறையின்றி மறுத்ததாகவோ, கெட்ட எண்ணத்தோடு நடந்ததாகவோ, தெரிந்தே சட்டத்தை மீறியதாகவோ நிறுவினால்தான் இப்போது அது கட்டாயம். என்னைப் போல இந்தச் சட்டத்தை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய இழப்பு. சாதாரணக் குடும்பத்தினர் வழக்கறிஞரை அமர்த்தத் துணிந்ததே அந்தப் பிரிவினால்தான். அதனாலேயே, மறுக்க இடம் கொடுக்காத விண்ணப்பத்தை முதலிலேயே எழுதுவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

மாவட்டத்தின் படிவத்தில் இந்த வாசகத்தைப் பயன்படுத்தலாம்:

"கடந்த இரண்டு நிதி ஆண்டுகளின் ஜூன் மாத வாரியச் செயலாளர் அறிக்கைகளிலும், இந்த நிதி ஆண்டில் கடைசியாக வாரியத்தின் முன் வைக்கப்பட்ட அறிக்கையிலும், 11-000-270 என்று தொடங்கும் எல்லாக் கணக்குகளும் உள்ள பக்கங்கள். 11-000-270-511 கணக்கின் கீழ் இப்போது நடப்பிலுள்ள பேருந்து ஒப்பந்தங்கள், அவற்றின் புதுப்பித்தல் ஆவணங்கள், கடைசி ஏலத்தின் விளம்பரம், வந்த ஏலத் தொகைகளின் பட்டியல். அபாயகரமான வழிகளைப் பற்றி வாரியம் ஏற்றுக்கொண்ட கொள்கை. அனைத்தையும் மின்னஞ்சலில் அனுப்பவும். ஒப்பந்தங்கள் உடனடியாகப் பார்க்கத் தரப்பட வேண்டிய வகையைச் சேர்ந்தவை என்பதால், மற்றவற்றுக்காகக் காத்திராமல் அவற்றை முதலில் அனுப்பக் கோருகிறேன்."

வரைவு பட்ஜெட் மீதான பொது விசாரணை ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ நடக்கும். அதற்குப் பிறகு கட்டணத்தை மாற்றுவது கடினம். விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்புங்கள். அனுப்பிய நாளையும், அவர்களிடமிருந்து வரும் ஒப்புகையையும் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.