மறுமொழி: இராப்பள்ளிக்கூட கூரை வசூல் – நோட்டீஸ்ல எம் பொண்ணு போட்டோ

பொருளாளர் தம்பிக்கும் சங்கத்து சொந்தங்க எல்லாருக்கும் வணக்கம். மஸ்கட்டுல இருந்து லாஞ்சு டிரைவர். போன்ல பேசிப் பேசித்தான் இது டைப் ஆவுது, எழுத்து பெசகினா பொறுத்துக்கோங்க.

கூரைக்கு 1,80,000 கேட்டு வந்த நோட்டீஸைப் பாத்தேன். நடுவுல எம் பொண்ணு, பட்டுச் சேலையில, கையில சர்டிபிகேட்டோட. கீழ ‘நம் சங்கம் உருவாக்கிய டாக்டர்’. பொய் சொல்லுவானேன், ரூம்ல இருக்கிற மலையாளத்தாரு, பங்களாதேஷ் தம்பி எல்லாருக்கும் காட்டினேன். ராத்திரி படுத்தப்புறம்தான் வயிறு எரிஞ்சுது.

2011ல எம் பொண்ணு பிளஸ் டூ முடிச்சு, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல சிவில் கிடைச்சுது. முதல் பட்டதாரின்னு டியூஷன் பீஸை கவர்மெண்டு பாத்துக்கிச்சு. ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் கையில சல்லி இல்ல. ஏப்ரல் 15ல இருந்து மீன்புடி தடைக்காலம். இப்போ 61 நாளு, அப்போ 45. போட்டு கரையில கெடந்துச்சு, தடை முடிஞ்சதும் எஞ்சின் மக்கர். சங்கத்துல 12,000 கேட்டேன். கடனாத்தான் கேட்டேன், தானமா இல்ல. அன்னிக்கு நாற்காலியில குந்தியிருந்தவரு சொன்னது மினிட்ஸ் நோட்டுல இருக்குதோ இல்லியோ, என் காதுல இருக்குது: ‘பொட்டப்புள்ள படிச்சு கப்பலா வுடப் போவுது? கட்டிக் குடுத்துட்டு வேலையைப் பாரு டிரைவரு.’

அவரு இந்தக் குழுவுலதான் இருக்காரு. படிக்கட்டும்.

துட்டு குடுத்தது கூடைக்கார ஆயா. காதுல கெடந்த கம்மலைக் கழட்டி சேட்டு கடையில வெச்சு, ரசீதை மட்டும் முந்தானையில முடிஞ்சுக்கிச்சு. மூணாம் வருஷம்தான் மீட்டுக் குடுத்தேன். ஆயா அதைத் தராசுல போட்டுப் பாத்துட்டுத்தான் காதுல மாட்டிச்சு. என் மேல அவ்வளவு நம்பிக்கை!

அப்புறம் ஐ.ஐ.டி.யில ஓஷன் இன்ஜினியரிங், அதுக்கப்புறம் நெதர்லாந்துல டெல்ஃப்ட் யுனிவர்சிட்டியில டாக்டர் பட்டம். இதை நான் போன தடவை எழுதினதுக்கு ‘பீத்திக்கிறான்’னு துபாய் மச்சான் பதில் போட்டிருந்தாரு. முக்கு வீட்டு அண்ணன் பையனுக்கு ஸ்டான்லியில சீட்டு கிடைச்சப்ப தெருவுல மூணு பிளக்ஸ் வெச்சாங்களே, அப்போ மச்சான் எங்க இருந்தாரு? அந்தப் பையன் நல்ல பையன், அது வேற.

பீத்தல்னா பீத்தல்தான், கேளுங்க. 2022ல அந்தப் பட்டத்துக்கு மேடையில கேள்வி கேக்குற நாளுக்கு லீவு போட்டு, விசா வாங்கிக்கினு போனேன். மேடையில கருப்பு அங்கி போட்ட புரொபசருங்க வரிசையா குந்தியிருக்காங்க, இது ஒத்தையா நின்னு பதில் சொல்லுது. இங்கிலீஷு எனக்கு இன்னா புரியும்? நடுவுல ‘காசிமேடு’, ‘எண்ணூர்’ ரெண்டு வார்த்தை காதுல வுழுந்துச்சு, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சரியா ஒரு மணி நேரம் ஆனதும் கோல் புடிச்ச ஒருத்தர் உள்ள வந்து ‘ஹோரா எஸ்ட்’ன்னாரு. லத்தீன்ல நேரம் ஆயிடுச்சுன்னு அர்த்தமாம். அத்தோட கேள்வி கட்டு. நம்ம ஏலத்துல இப்படி ஒருத்தர் இருந்தா எவ்வளவு சண்டை கொறையும்!

அது படிச்சது நம்ம கரையைத்தான். வெள்ளக்காரன் மெட்ராஸ் ஹார்பருக்குக் கல்லு அடுக்கினான், 1881 புயல்ல இடிஞ்சும் வுடாம திரும்பக் கட்டினான். வருஷத்துல முக்கால்வாசி மாசம் தெக்க இருந்து வடக்க போற மண்ணு அந்தக் கல்லுல தடுத்து நின்னுச்சு. மெரினா பெருத்துச்சு, ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் நமக்கு அரிச்சுது. எங்க அம்மா என்னைப் பெத்த வீட்டு இடத்துல இப்போ அலை அடிக்குது. பாறாங்கல்லு கொட்டினோம், கடலுக்குள்ள நீட்டி கல்லு சுவரு, அதான் தூண்டில் வளைவு, போட்டோம். ஒரு எடத்துல நின்னா அடுத்த எடத்துல அரிப்பு. டெல்ஃப்டுக்குப் பக்கத்துல ‘மண் மோட்டார்’னு ஒண்ணு காட்டிச்சு. 2011ல, இது கிண்டியில சேந்த அதே வருஷம், 2.15 கோடி கன மீட்டர் மண்ணை ஒரே எடத்துல கொட்டி வுட்டிருக்காங்க. கரை நெடுகப் பரப்புறது கடலோட வேலையாம். ‘நம்ம ஊருக்கு அப்படியே தூக்கிக்கினு போவ முடியாதுப்பா, கணக்குப் போடணும்’னு சொல்லிச்சு. எம் பொண்ணு, கணக்குப் போடாம வாய் தொறக்காது.

கணக்குன்ன ஒடனே ஞாபகம் வருது. பொங்கலுக்கு எம் மச்சான் ஊருக்குப் போயி பள்ளிக்கூடத்தை எட்டிப் பாத்தான். பூட்டு போட்டிருக்குதாம். ஜன்னல் வழியா பாத்தா உள்ள ஐஸ் பெட்டி, ஒரு ஸ்கூட்டரு. போன வருஷம் ரெண்டு ஃபேனுக்கும் லைட்டுக்கும்னு வாங்கின 62,000க்கு பில்லு எங்க தம்பி? கூரை ஒழுவுறது பசங்க மேலயா, ஸ்கூட்டரு மேலயா? ஸ்கூட்டரு யாருதுன்னு எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

அந்த ரூம்ல டியூப்லைட்டு வெளிச்சத்துல எம் பொண்ணு அஞ்சு வருஷம் படிச்சுது, அதை நான் மறுக்கல. கணக்கு வாத்தியாரு சைக்கிள்ல வந்து சும்மா சொல்லிக் குடுத்தாரு. நோட்டீஸ்ல அவர் பேரு இருக்குதா?

போட்டோவை எடுத்துடுங்க. வெச்சே ஆவணும்னா பக்கத்துல ஆயா போட்டோவையும் வெச்சு, ‘சங்கம் உருவாக்கிய’ங்கிறதை அழிச்சுட்டு வெய்யுங்க. ஐஸ் பெட்டி வெளிய போன அன்னிக்கு என் பங்கு 25,000 வந்துடும். ரசீது என் பேர்ல வேணாம், ஆயா பேர்ல போடுங்க. முழுப் பேரு கேட்டா எனக்கே தெரியாது. ‘கூடைக்கார ஆயா, அடிபம்பு வீடு’ன்னு எழுதினா போதும், ஊர்ல தெரியாதவங்க கிடையாது.