லாகின் பக்கம் சுற்றிச் சுற்றி வருகிறதா? பாஸ்வேர்டை மாற்றும் முன் பிரவுசரைப் பாருங்கள்

விடுமுறைக்குக் கீழக்கரை வந்து பத்து நாள் ஆகிறது. அதற்குள் மூன்று வீட்டிலிருந்து ஒரே புகார்: "பிள்ளை வெளிநாட்டுல இருக்கான், பேங்க்குள்ள போக முடியலையாம், பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறானாம், நீங்க கொஞ்சம் பேசுங்க காக்கா." மூன்று பேருக்குமே பாஸ்வேர்டு சரிதான். பிரவுசரில் அவர்களே இறுக்கி வைத்த அமைப்புகள்தான் வழியை மறித்திருந்தன. கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, பாம்பன் என்று எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் சரி, புதிதாகச் சபர் (வெளிநாட்டுப் பயணம்) போனவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

என் லாத்தா (அக்கா) மகன் கதையிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் ஒன்றரை மாதம். கிளம்பும் முன் லேப்டாப்பில் ஃபயர்பாக்ஸ் பிரவுசர் போட்டு, பாதுகாப்பை ஸ்ட்ரிக்ட் (கடுமை) என்று வைத்து, மூடும்போதெல்லாம் குக்கி (நம்மை அடையாளம் காணத் தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) அழிந்துபோகும்படி செய்து, அதற்கு மேல் இரண்டு விளம்பரத் தடுப்பான், ஒரு விபிஎன் (நாம் வேறு ஊரிலிருந்து வருவதுபோல் தளங்களுக்குக் காட்டும் செயலி). நம்மைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதைத் தடுக்க நினைப்பது நல்ல புத்தி. ஆனால் வாடகை கட்டும் நாளில் வங்கித் தளம் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, ஒரு நொடி சுழன்று, மறுபடியும் லாகின் பக்கத்திலேயே வந்து நின்றது. தப்பு என்று ஒரு வார்த்தையும் காட்டவில்லை. இவனோ பாஸ்வேர்டு மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பழையது, அதற்கும் பழையது என்று மாற்றி மாற்றிப் போட, கணக்கே பூட்டிக்கொண்டது. புதுக் குறியீடு தபாலில்தான் வரும் என்றார்கள். எட்டு நாள். வாடகைக்குத் தேவிபட்டினத்துப் பையன் ஒருவன்தான் கைமாற்று கொடுத்தான்.

அதனால் முதலில் இதை மனதில் வையுங்கள். பாஸ்வேர்டு தப்பு என்று தளம் சொல்லாமல், சும்மா திரும்பி அதே பக்கத்துக்கு வந்தால், மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். இரண்டு தடவையோடு நிறுத்திவிடுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? நம்ம பக்கத்தில் விசைப்படகு கடலுக்குப் போக மீன்துறையில் டோக்கன் வாங்க வேண்டும் இல்லையா, அதே மாதிரிதான். நிறைய வங்கி, பல்கலைக்கழக, அரசுத் தளங்களில் லாகின் செய்யும் இடம் ஒரு முகவரி, நீங்கள் போக வேண்டிய தளம் வேறொரு முகவரி. லாகின் இடத்தில் உங்களைச் சரிபார்த்து, ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அந்தப் பக்கம் அனுப்புவார்கள். அந்தச் சீட்டுக்கு முக்கால்வாசி நேரம் குக்கிதான் ஆதாரம். வழியில் உங்கள் பிரவுசரே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டால், அந்தத் தளம் "யார் நீ, போய் டோக்கன் வாங்கி வா" என்று திருப்பி அனுப்பும். லாகின் இடமோ இப்போதுதானே கொடுத்தோம் என்று மறுபடி அங்கே தள்ளும். நீங்கள் நடுவில் அல்லாடுவீர்கள்.

ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020 மார்ச்சிலிருந்தே பிற தளங்களின் குக்கிகளை முழுவதும் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் குக்கியைத் தனித்தனி டப்பாவில் போட்டு வைக்கிறது. இவை இயல்பாக வரும் அமைப்புகள், இதற்கேற்ப எழுதிய தளங்களில் பிரச்சினை வராது. பழைய முறையில் எழுதி அப்படியே விட்டுவைத்த தளங்களும், நாம் இயல்புக்கு மேல் இறுக்கிய அமைப்புகளும் சேரும்போதுதான் சிக்கல். இன்னொன்றும் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று பிரவுசர் சொல்லும் தகவலைச் சில நீட்சிகள் (விளம்பரத் தடுப்பான் மாதிரி பிரவுசரில் நாம் சேர்க்கும் சிறு செயலிகள்) மறைத்துவிடும். அதைச் சோதிக்கிற தளங்கள், குறிப்பாக ஜாங்கோ என்ற மென்பொருளை வைத்து எழுதிய சில, 403 என்று ஒரு பிழையைக் காட்டி நிறுத்திவிடும். பாஸ்வேர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

கைரேகை மாதிரி நம் கணினியை அடையாளம் காண்பதைத் தடுக்க ஃபயர்பாக்ஸில் ஒரு கடுமையான அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தளத்துக்கு உலகப் பொது நேரத்தைத்தான் காட்டும், இன்னும் பல விவரங்களையும் மாற்றிச் சொல்லும். வங்கிக்கு நீங்கள் ஒவ்வொரு தடவையும் புது ஆள். உடனே ஓடிபி கேட்கும். மூடும்போது குக்கி அழித்தாலும் இதே கதை, "இந்தக் கருவியை நினைவில் வை" என்று டிக் செய்ததெல்லாம் வீண். அந்த ஓடிபி எங்கே வரும்? நம்ம ஊர் எண்ணுக்கு. அந்த சிம் வாப்பா போனில் இருக்கும், வாப்பா லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார், போன் வீட்டில் அலமாரி மேல் கிடக்கும், உம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். இதை நான் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

சரி, என்ன செய்வது? முதலில் பிரைவேட் விண்டோ திறந்து அதில் லாகின் செய்து பாருங்கள். அதில் பழைய குக்கி இருக்காது, நீங்களாக அனுமதி கொடுக்காவிட்டால் நீட்சிகளும் ஓடாது. அங்கே உள்ளே போக முடிந்தால் குற்றம் பெரும்பாலும் நீட்சியிலோ கெட்டுப்போன குக்கியிலோதான். அந்த ஒரு தளத்தின் குக்கியை மட்டும் அழியுங்கள், முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அடையாளத்தை (சில பிரவுசரில் பூட்டுப் படம்) தட்டினால் வழி கிடைக்கும். அப்புறம் நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஃபயர்பாக்ஸில் கேடயப் படம், பிரேவ் என்ற பிரவுசரில் சிங்கப் படம், அதைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பைத் தளர்த்தலாம். மூடும்போது குக்கி அழிகிற அமைப்பிலும் விதிவிலக்குப் பட்டியல் உண்டு, உங்கள் வங்கி முகவரியை அதில் சேருங்கள். லாகின் நேரத்தில் விபிஎன்னை நிறுத்துங்கள். நேற்று ஜெர்மனி, இன்று சிங்கப்பூர் என்று முகவரி தாவினால் எந்த வங்கிதான் சந்தேகப்படாது?

கோபத்தில் எல்லாப் பாதுகாப்பையும் ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு கதவு திறக்கவில்லை என்று வீட்டுச் சுவரை இடிப்பார்களா? நான் இரண்டு பிரவுசர் வைத்திருக்கிறேன். ஒன்றில் இயல்பான அமைப்பு, நீட்சி எதுவும் கிடையாது, அதில் வங்கி, விசா, வரி மட்டும். மற்றதெல்லாம் இறுக்கிய பிரவுசரில். பல வருடமாக இப்படித்தான் ஓடுகிறது, சிக்கல் வந்ததில்லை.

பாம்பன் தம்பி ஒருவனுடைய விஷயமே வேறு. சார்ஜா போய் இறங்கியதும் போன் கடிகாரத்தைக் கையால் ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறான், நேர மண்டலம் இந்தியாவாகவே இருந்தது. 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் தரும் செயலிகள் போன் கடிகாரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. அதனால் அவன் போட்ட எண் எல்லாம் தப்பாகவே போனது. நேரத்தைத் தானாக அமையும்படி மாற்றியதும் முதல் தடவையிலேயே உள்ளே போய்விட்டான்.

இதையெல்லாம் சரிசெய்து தருகிறேன் என்று யாராவது உங்கள் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியைப் போடச் சொன்னால், வங்கிப் பெயரைச் சொன்னாலும் சரி, போடவே வேண்டாம்.

அடுத்த வாரம் விமானம் ஏறும் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதே, கொண்டுபோகப் போகிற லேப்டாப்பில், எந்தப் பிரவுசரைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதிலேயே, இந்திய வங்கிக் கணக்குக்குள் ஒருமுறை போய், பிரவுசரை மூடிவிட்டு மறுபடி போய்ப் பாருங்கள். ஓடிபி வரும் போன் பக்கத்திலேயே இருக்கும்போது சரிசெய்வது சுலபம்.