தைராய்டு குறைவுக்குப் பூச்சிமருந்து காரணமா?

வரப்போரம்:
20 வருடமாக மருந்தடிக்கிறேன். போன மாதம் தைராய்டு சுரப்பு குறைவு என்று வந்துவிட்டது. மருந்தாலே இருக்குமோ என்று கேட்டதை மருத்துவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் காரணம்.

சோதனைக்குழாய்:
வருத்தமாக இருக்கிறது அண்ணே, ஆனால் இதை ஏற்க முடியாது. பெரும்பாலும் அயோடின் பற்றாக்குறை, இல்லாவிட்டால் நம் எதிர்ப்புசக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். மருந்தைக் குறை சொல்லும் ஆய்வுகள் பல எலியில் செய்தவை. எலி ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் ஒரு நாளுக்குள் பாதியாகிவிடும், நமக்கு அதற்கு ஒரு வாரம் போல ஆகும், அதனால் எலிக்கு லேசான தொந்தரவே பெரிதாகத் தெரியும்.

வரப்போரம்:
எலியை விடுங்கள் தம்பி. நான் அதிகம் அடித்தது மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி. அது சிதைந்தால் வரும் எத்திலீன்தயோயூரியா, ஹார்மோனில் அயோடினைச் சேர்க்கிற தைராய்டு பெராக்சிடேஸ் நொதியை முடக்கும். சுரப்பு அதிகமானவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரையும் அதே நொதியைத்தானே பிடிக்கிறது? மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அயோவா, வட கரோலினாவில் 1993-இல் தொடங்கிய வேளாண் உடல்நல ஆய்வில், மருந்தடிப்பவர்களின் மனைவிமார் 16,000 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்தபோது, மான்கோசெப்பையோ அதே வகை மேனெப்பையோ கையாண்டவர்களிடம் சுரப்புக் குறைவுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 2 மடங்கு.

சோதனைக்குழாய்:
அது அந்தப் பெண்களிடமே கேட்டு எழுதியது, ரத்தம் எடுத்து அல்ல. தொடர்பு இருக்கிறது, சரி. உங்கள் ஒருவருக்கு வந்தது அதனால்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இளந்தளிர்:
இரண்டு பேரும் பெரியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். முதல் மூன்று மாதம் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் டி4-ஐ விட்டால் வேறு வழியில்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டிசிபிஏ என்ற களைக்கொல்லியை அவசரமாக நிறுத்தியதே, கர்ப்பிணி மீது பட்டால் வயிற்றுப் பிள்ளையின் தைராய்டு அளவு மாறும் என்றுதான். ஏறக்குறைய 40 ஆண்டுகளில் அப்படி ஓர் அவசர நிறுத்தம் அதுவே முதல்முறை. அதற்கு ஆதாரமும் எலி ஆய்வுதான், சோதனைக்குழாய். எலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சோதனைக்குழாய்:
கர்ப்பிணி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அங்கே முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அண்ணன் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஹாஷிமோட்டோவா என்று பார்க்கிற ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தீர்களா அண்ணே?

வரப்போரம்:
இல்லை, எடுக்கிறேன். அப்புறம், மருந்தடித்த சட்டையை வீட்டில் மருமகள்தான் துவைக்கிறாள். அவளுக்கு இது இரண்டாம் மாதம். இன்றிலிருந்து நானே துவைத்துக்கொள்கிறேன்.