பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்த பிறகு

பத்து நாள் பணிக்காக ஜெர்மனியிலிருந்து மதுரையில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்த அம்மையாருக்குச் சீலியாக் நோய் இருந்தது. கோதுமையில் உள்ள குளூட்டன் சிறிதளவு உள்ளே போனாலும் சிறுகுடல் பாதிக்கப்படும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார். அரிசி உண்ணும் ஊரில் இதற்கா கவலைப்படுவது என்று நானும் தைரியமாகப் பதில் அனுப்பினேன். சப்பாத்தி, பரோட்டா, பூரி, ரவா தோசை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டால் போதும் என்பது என் கணக்கு. நல்ல சைவ உணவகம் ஒன்றையும் தேர்ந்து வைத்திருந்தேன்.

அதை வீட்டில் சொன்னபோது என் மனைவி பெருங்காய டப்பாவை எடுத்து வந்து, பின்பக்கத்தைத் திருப்பி என் முன் வைத்தார். சேர்மானங்களில் பிசினோடு கோதுமை மாவும் இருந்தது. நாம் வாங்குவது பெரும்பாலும் இப்படிக் கலந்த கூட்டுப் பெருங்காயம்தான். ஆகவே சாம்பார், ரசம், இட்லிப் பொடி, தாளித்த மோர், ஊறுகாய் எல்லாமே சந்தேகத்துக்குரியவை ஆயின. மறுநாள் அந்த உணவகத்தில் விசாரித்தேன். "ஒரு சிட்டிகைதானே சார், ஒண்ணும் ஆகாது" என்றார் மேலாளர். அந்தப் பதிலுக்குப் பிறகு அங்கே அழைத்துச் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கைகொடுத்தது, விருந்தினருக்கு ஏற்காது என்று நானே முதலில் தள்ளி வைத்திருந்த சிறிய அசைவ மெஸ். கறிக்குழம்புக்கும் மீன் குழம்புக்கும் பொதுவாகப் பெருங்காயம் போடுவதில்லை என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. மசாலாவை அவர்களே அரைப்பதாகச் சொன்ன உரிமையாளர், ரசத்தை விட்டுவிடச் சொன்னார். சிக்கன் 65-இல் மைதா சேர்ப்பதையும் ஒளிக்கவில்லை. "மத்தியானமே வந்துருங்கண்ணே, ராத்திரி பரோட்டாவும் தோசையும் ஒரே கல்லுலதான்" என்று அவராகவே எச்சரித்தார். நான் கேட்கத் தவறிய கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. தலைவாழை இலையில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சுக்காவுமாக அம்மையார் நிதானமாகச் சாப்பிட்டார். காரம் ஏறிய இடத்தில் தயிரை ஊற்றிக்கொண்டார். பத்து நாளில் ஆறு மதியங்கள் அங்கேயே கழிந்தன. ஜிகர்தண்டாவை மட்டும், ஐஸ்கிரீமின் சேர்மானம் தெரியாததால், பாலும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்துமாகக் கேட்டு வாங்கினோம். கடைக்காரர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

* * *

மேலே எழுதியவருக்கு நேர்மாறான சிக்கல் எனக்கு. ஓரகடத்துக்கு வந்த மூன்று ஜப்பானியர்களை மதிய உணவுக்கு அழைத்துச் சென்றபோது, முள் அவர்களுக்குத் தொல்லையாகிவிடும் என்று நானாக முடிவு செய்து, நடுமுள் நீக்கிய வஞ்சிரத் துண்டுகளை வரவழைத்தேன். அவர்களோ பக்கத்து மேசைக்காரரின் இலையில் கிடந்த நெத்திலி வறுவலையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஒரு தட்டு வாங்கிக் கொடுத்ததும் முள்ளோடு மென்று தின்றுவிட்டு, இன்னும் இரண்டு தட்டு கேட்டனர். வஞ்சிரத்தை நான்தான் சாப்பிட்டு முடித்தேன். மொறுமொறுப்புக்காக நெத்திலியில் மைதா தூவும் கடைகளும் உண்டு. ஆகையால் அந்த ஜெர்மானிய அம்மையார் மறுபடி வந்தால், மெஸ்ஸில் வறுத்த மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.