சென்னையை விட்டுக் கோவைக்கு வந்தோம். வீட்டில் எல்லோருக்கும் ஊர் ஒன்றுபோல் அமையவில்லை

கேள்வி: வேளச்சேரிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். பணியின் பொருட்டுச் சென்னை வேளச்சேரியை விட்டுக் கோவை சரவணம்பட்டிக்குக் குடும்பத்தோடு வந்து ஓராண்டு நிறையப் போகிறது. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, கோவைக்குள்ளேயே வேறு பகுதிக்கு மாறுவதா, சென்னைக்கே திரும்பிவிடுவதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஊர்களிலும் குடியிருந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எனக்கும் மனைவிக்கும் இங்கே குறை ஒன்றும் இல்லை. இருவருக்கும் அலுவலகம் பக்கத்திலேயே அமைந்துவிட்டது. வேளச்சேரியில் நாங்கள் இருந்த தெருவில் 2015 வெள்ளத்திலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அக்டோபர் பிறந்துவிட்டாலே காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டி வருமோ என்று வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பதற்றம் இங்கே அறவே இல்லை. ஜூன் மாதத்தில் சென்னை இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போது, இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரத் தொடங்கி, மாலையில் மின்விசிறியைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்கள் பிள்ளைகள்.

சிக்கல் என் தாயாருக்குத்தான். அவருக்கு எழுபது வயது ஆகப் போகிறது. நல்ல நடமாட்டத்தோடு இருக்கிறார். சென்னையில் பறக்கும் ரயிலில் வேளச்சேரியில் ஏறித் திருமயிலையில் இறங்கி, கபாலீசுவரரைக் கும்பிட்டுவிட்டு, மாட வீதியில் கீரையும் பூவும் வாங்கிக்கொண்டு, எவர் துணையும் இல்லாமல் மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிடுவார். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலைத் தாண்டினால் வாகனம் இல்லாமல் எதுவும் இல்லை என்றாகிவிட்டது. மருதமலைக்குப் போக வேண்டுமென்றாலும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து, "உனக்கு வேலை எதுவும் இல்லையென்றால்" என்று தொடங்கித்தான் என்னிடம் கேட்கிறார். நாங்கள் ஆதாயம் என்று எண்ணுவதெல்லாம் அவருக்கு இழப்பாக முடிந்துவிட்டதோ என்பதே என் கவலை.

பதில்: சாயிபாபா காலனியிலிருந்து ஒரு வாசகி

ஐயா, நான் பிறந்து வளர்ந்தது மாம்பலத்தில். திருமணத்துக்குப் பிறகும் அங்கேயே இருந்துவிட்டு, கணவரின் பணி மாற்றத்தால் கோவைக்கு வந்தவள். நீங்கள் சென்னையையும் கோவையையும் ஒப்பிடுவதாக எழுதியிருந்தாலும், உண்மையில் ஒப்பிட்டிருப்பது ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு பகுதியையும் ஊருக்கு வெளியே உள்ள ஒரு பகுதியையும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர், வடவள்ளி போன்றவை 2011-இல்தான் மாநகராட்சியோடு இணைந்தன. அதற்கு முன்பு அவை தனித்தனிப் பேரூராட்சிகள். கட்டடங்கள் வந்த வேகத்தில் நடைபாதையும் வரவில்லை, உள்தெருக்களுக்குப் பேருந்தும் வரவில்லை.

சரவணம்பட்டி வழியாகப் போகும் சத்தி (சத்தியமங்கலம்) சாலையில் பேருந்துக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை காந்திபுரத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். எங்கே போவதானாலும் அங்கே இறங்கி இன்னொன்று பிடிக்க வேண்டும். சென்னையில் பேருந்தைத் தவறவிட்டால் ரயில் உண்டு, ரயிலைத் தவறவிட்டால் ஷேர் ஆட்டோ உண்டு. கோவையில் மேட்டுப்பாளையம் போகும் ரயிலைத் தவிர்த்துவிட்டால் ஊருக்குள் போய்வரத் தண்டவாளமே இல்லை, மெட்ரோவும் இல்லை. ஆகவே வயதானவர் தனியாகப் போய்வர வேண்டுமென்றால் காந்திபுரத்துக்கு அருகில் குடியிருப்பதே வழி. அங்கிருந்து 70 ஆம் எண் பேருந்து நேராக மருதமலைக்குப் போகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே தனியார் டவுன் பஸ்கள் அதிகம். பாட்டு அலறும், படியில் கால் வைத்ததும் நடத்துநர் விசில் அடித்துவிடுவார். முதியவர்களுக்கு அது ஒத்துவராது. அரசுப் பேருந்துக்குக் காத்திருப்பதே நல்லது. சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தனியார் பேருந்துகளில் அந்தச் சலுகை கிடையாது.

என் மாமியாரும் முதலில் எங்களோடு காளப்பட்டியில் இருந்தார். "இந்த ஊரில் மனிதர்களே கண்ணில் படவில்லை" என்பார். ஆர்.எஸ்.புரத்துக்கு வந்த பிறகு காலையில் உழவர் சந்தைக்குத் தானே நடந்து போவார், ரத்தின விநாயகர் கோயிலில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார், அங்கேயே அவருக்கு நான்கு பேர் பழக்கமாகிவிட்டார்கள். மார்கழிக் கச்சேரிகளுக்குப் போக முடியவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு இன்னும் உண்டு. அதற்கு இந்த ஊரில் ஈடு கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர்ச் சொந்த வீடு அமைந்ததால் சாயிபாபா காலனிக்கு மாறினோம். அங்கும் அவர் பாடு சுகம்தான். நகருக்குள் வாடகை கூடுதலாகவே இருக்கும், பல பழைய வீடுகளில் லிப்டும் இருக்காது.

பதில்: பழவந்தாங்கலில் வசிக்கும் கோவைக்காரர்

நான் உங்களுக்கு நேர் எதிர்த்திசையில் வந்தவன். பீளமேட்டில் வளர்ந்து, வேலைக்காகச் சென்னைக்கு வந்து இங்கேயே நிலைத்துவிட்டேன். ஊரில் கல்லூரியில் சேர்ந்தவுடன் வண்டி வாங்கித் தந்தார்கள். இங்கே வந்த பிறகு அதை விற்றுவிட்டேன். அதற்குப் பிறகு வாங்கத் தோன்றவே இல்லை.

இதற்குக் காரணம் இரண்டு ஊர்களும் வளர்ந்த விதத்திலேயே இருக்கிறது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. அந்தத் தடத்தை ஒட்டித்தான் தெற்கே மாம்பலமும் பழவந்தாங்கலும் குரோம்பேட்டையும் பெருகின. கோவையோ பஞ்சாலைகளையும் பட்டறைகளையும் சுற்றி, அவிநாசி சாலை, திருச்சி சாலை, சத்தி சாலை, மேட்டுப்பாளையம் சாலை என்று சாலைகளின் வழியே விரிந்த ஊர். ஒரு சாலையிலிருந்து இன்னொரு சாலைக்குப் போக வேண்டுமென்றால் நடுவுக்கு வந்துதான் போக வேண்டும். ஆகவே சொந்த வண்டி உள்ளவருக்குக் கோவை எளிது, இல்லாதவருக்குச் சென்னை எளிது. உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் இதுவே.

அதற்காகச் சென்னைக்குத் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்ததே 2007-இல்தான். அதற்கு முன்பு அங்கே குடியேறியவர்களும் உங்கள் தாயாரைப் போலத்தான் பேருந்துக்குக் காத்திருந்தார்கள். 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்ததும், லாரிக்குக் குடத்தோடு நின்றதும் எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. திரும்பி வந்தால் மாட வீதியோடு சேர்த்து இவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

மேலே எழுதிய அம்மையாரோடு ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். ஆர்.எஸ்.புரத்துக்குப் போனால் உங்கள் தாயாருக்கு வசதிதான்; ஆனால் நீங்கள் இருவரும் காலையும் மாலையும் காந்திபுரத்தைக் கடந்து சத்தி சாலை நெரிசலில் போய்வர வேண்டும். கணபதியைப் பார்த்தீர்களா? அதே சத்தி சாலையில், காந்திபுரத்துக்கும் சரவணம்பட்டிக்கும் இடையில் இருக்கிறது. பெரிய சாலையிலிருந்து நடக்கும் தொலைவில் வீடு கிடைத்தால் உங்கள் தாயார் காந்திபுரம் வரை ஒரே பேருந்தில் போய்விடலாம், உங்களுக்கும் அலுவலகம் தூரமாகாது.

பதில்: சத்தி சாலைவாசி

வீடு பார்க்கும்போது தண்ணீரைப் பற்றி விசாரிக்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கோவை என்றவுடன் எல்லோரும் சிறுவாணித் தண்ணீரை நினைத்துக்கொண்டு வருகிறார்கள்; அது பெரும்பாலும் நகரின் மேற்குப் பகுதிகளுக்குத்தான் போகிறது. மற்றப் பகுதிகள் பில்லூர்த் திட்டத்தை நம்பியிருக்கின்றன. நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, தொட்டி எவ்வளவு கொள்ளும், புழக்கத்துக்கு வரும் உப்புத் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா, கோடையில் அது நிற்குமா என்று வீட்டு உரிமையாளரிடம் கேட்பதைவிட அதே தெருவில் குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

மறுமொழி: வேளச்சேரிக்காரன்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இவற்றைத் தாயாரிடம் படித்துக் காட்டினேன். சென்னைக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை என்பதை இப்போதுதான் அழுத்திச் சொன்னார். மருதமலைப் பேருந்து அடிவாரத்தில் எங்கே நிற்கும் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. என் மனைவி ஒரு வேலைநாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு 70 ஆம் எண் பேருந்தில் போய்வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளின் பள்ளி சரவணம்பட்டியிலேயே இருப்பதால், கணபதியில் முதல் மாடிக்கு மேற்படாத வீடாகத் தேடத் தொடங்கியிருக்கிறோம். பழவந்தாங்கல் நண்பருக்கும் சத்தி சாலை நண்பருக்கும் ஒரு கேள்வி: கணபதியிலிருந்து கோனியம்மன் கோயிலுக்குக் காந்திபுரத்தில் மாறாமல் போகும் அரசுப் பேருந்து உண்டா? காலை பத்து மணிக்கு மேல் அதில் உட்கார இடம் கிடைக்குமா?